அஞ்செட்டி பஸ் வேகத்தில் கால்சியம்

டாக்டர்,

இன்று காலை பாகலூர் சாலையில் என் ஸ்கூட்டரின் பின்சக்கரம் படுத்துக்கொண்டது. பஞ்சர் கடைக்காரர் டியூபை உருவித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்தார். "ஒட்டு மேல ஒட்டு இருக்குது சார், இனிமே ஒட்டறதுக்கு எடமே இல்ல" என்று ஏறக்குறைய என் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிவிட்டு, உறையைக் கிழித்துப் புது டியூபை எடுத்தார். வெள்ளை மாவு பூசிய கறுப்பு ரப்பர். அதன் வாசனை மூக்கில் ஏறியதும் நான் அங்கிருந்த மர பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் எனக்குத் தலைசுற்றல் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார். மற்றவர்களுக்கு அது டியூப் வாசனை. எனக்கு அது நீங்கள் எனக்காக விட்ட மூச்சின் வாசனை. இதைப் பஞ்சர் கடையில் விளக்க முடியாது. ஆகவே உங்களுக்கே எழுதுகிறேன்.

ஓசூரில் சிறிய நர்சிங் ஹோம்கள் மயக்க மருந்து டாக்டரைச் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை. கல்யாண வீட்டுக்கு நாதஸ்வரக்காரரை அழைப்பது போல முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் அழைத்துக்கொள்வார்கள். நீங்கள் அப்படி அழைக்கப்பட்டவர். காலையில் கிருஷ்ணகிரியில் ஒரு பிரசவம், மதியம் சூளகிரியில் ஒரு கால் எலும்பு, சாயந்திரம் ஓசூரில் ஒரு குடலிறக்கம். ஸ்கூட்டரின் முன்னால் ஒரு பெரிய பை. அதற்குள் குழாய்கள், முகமூடி, மருந்துப் புட்டிகள், அழுத்தினால் காற்றுத் தள்ளும் அந்தக் கறுப்பு ரப்பர் பை. எல்லா இடத்திலும் உங்களை அவசரப்படுத்துவார்கள். எல்லா இடத்திலும் நீங்கள் அவசரப்படமாட்டீர்கள். இதனால் உங்களைப் பற்றி இந்த நெடுஞ்சாலை முழுவதும் நல்ல பெயரும் கெட்ட பெயரும் ஒரே காரணத்துக்காக இருந்தன.

நான் உங்களிடம் வந்து சேர்ந்த வழி கௌரவமானதல்ல. என் மனைவி வசந்தாவின் ஊரான பேரிகையில் மாரியம்மன் பண்டிகை. கறிச்சோற்றுக்குப் பிறகு வயிறு வலித்தது. மாமியார் வீட்டில் வயிற்றுவலி என்பது சமையலின் மீதான விமர்சனம். எனவே பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதபோது அங்கேயே ஒரு கிளினிக்கில் தினம் ஒரு ஊசி போட்டுக்கொண்டேன். கடைசியில் காரில் படுத்தபடி ஓசூர் வந்தபோது குடல்வால் உடைந்து வயிறெல்லாம் சீழ்.

அப்போது நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். பாதுகாப்பு வாசகங்கள் எழுதுவது என் வேலை. தமிழில் எழுதுவேன், கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் இந்திக்கும் மாற்ற ஆட்கள் உண்டு. "கவனம் சிதறினால் கை சிதறும்" என்பது என் படைப்பு. தகட்டில் துளை போடும் பஞ்சிங் இயந்திரத்துக்கு மேலே சிவப்பு எழுத்தில் தொங்கியது. இலக்கியம் படித்தவனுக்கு நாட்டில் வேலை இல்லை என்று சொல்பவர்கள் எங்கள் ஷாப் ஃப்ளோருக்கு வந்ததில்லை.

அறுவைக்கு முன்னால் ஸ்ட்ரெச்சர் பக்கம் வந்து நின்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. "சார், நான்தான் உங்களத் தூங்க வைக்கறவன். எழுப்பறவனும் நான்தான். ரெண்டாவதுதான் கொஞ்சம் வேலை."

நான் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன்.

நான் விழித்தது இருட்டில். முதலில் வந்தது ஓசை. தட்டில் கத்தரிக்கோல் விழும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம், ஒரு பெண் குரல். கண்ணைத் திறக்கப் பார்த்தேன். இமை என்னுடையதாக இல்லை. விரலை அசைக்கப் பார்த்தேன். விரலுக்குத் தகவலே போகவில்லை. மூச்சை இழுக்கலாம் என்று நினைத்தேன். அதுவும் போகவில்லை. ஆனால் காற்று மட்டும் உள்ளே வந்தது, போனது. யாரோ எனக்கு வெளியே இருந்து என்னை மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள். தொண்டையில் குழாய். ரப்பர் வாசனை. வயிற்றில் தையல் போட்ட இடம் எரிந்தது. கத்த வேண்டும் என்ற எண்ணம் முழுமையாக இருந்தது. கத்துவதற்கான உடம்பு மட்டும் இல்லை. செத்துவிட்டேனோ என்று யோசித்தேன். செத்திருந்தால் வலி எதற்கு என்று அடுத்து யோசித்தேன். அந்த நிலையிலும் தர்க்கம் வேலை செய்தது எனக்குப் பின்னால் பெருமையாக இருந்தது. அப்போது பெருமையாக இல்லை.

அந்தப் பெண் குரல் நர்ஸ் சாந்தம்மா. ஆனேக்கல் பக்கத்துக்காரி. கன்னடத்தில் யோசித்துத் தமிழில் பேசுபவள்.

"சார், இவரு யாரு தெரியுமா? கம்பெனில போர்டு எழுதறவரு. எங்க அண்ணா அங்கதான் மிஷின் ஓட்டறாரு. 'கவனம் சிதறினால் கை சிதறும்' இவரு எழுதினதுதானாம்."

"அப்படியா?" இது அறுவை செய்த டாக்டர். நர்சிங் ஹோமும் அவருடையது.

"ஹௌது சார். அண்ணா சொல்றாரு, அந்த போர்டப் பாத்தாலே கை நடுங்குதாம். கவனமே அதனாலதான் சிதறுதாம்."

என் எழுத்தைப் பற்றி என் வாழ்நாளில் கிடைத்த ஒரே நேர்மையான விமர்சனம் அது. மறுப்புத் தெரிவிக்க முடியாத நிலையில் படுத்திருந்தேன்.

"என்ன டாக்டர், இன்னும் மூச்சு வரலயா? ஹெர்னியா கேஸ் அங்க காத்துகினு இருக்குது" என்றார் அவர் உங்களிடம்.

காற்று மட்டும் வந்தது, போனது. பிறகு உங்கள் குரல், நிதானமாக: "தூக்க மருந்த நிறுத்திட்டேன். தசை தளர்த்தற மருந்துக்கு மாத்து மருந்தும் போட்டாச்சு. வந்திருக்கணும். வரல."

"இன்னொரு டோஸ் மாத்து மருந்து போட்டுடுங்க."

"காரணம் தெரியாம போட மாட்டேன் சார்."

"அப்ப அந்த மெஷின்ல மாட்டிட்டு நீங்க கிளம்புங்க. நான் பாத்துக்கறேன்."

"ஆயுத பூஜைக்கு வெச்ச குங்குமம் இன்னும் அதுல இருக்குது. துணியே எடுக்கல. கையே போதும்."

நான் பின்னால் அந்தச் செயற்கை சுவாச இயந்திரத்தைப் பார்த்தேன். நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம், குங்குமம், மேலே காய்ந்த சாமந்தி. எங்கள் ஊர்களில் ஓர் இயந்திரத்தை வணங்கத் தொடங்கிவிட்டால் அதற்குப் பிறகு வேலை வாங்குவதில்லை.

உங்கள் போன் அடித்தது. "எடுத்துச் சொல்லும்மா, டாக்டர் கை வேலையா இருக்காருன்னு" என்றீர்கள் சாந்தம்மாவிடம். அந்த ஹெர்னியாக்காரர் என்னால் அன்று முழுவதும் பட்டினி கிடந்தார். அவருக்கும் நான் கடன்பட்டவன்.

அப்போதுதான் என் கண் ஓரத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டருக்கு அடியிலிருந்து கண்ணீர் காது வரை இறங்கியிருக்கிறது. அழுதேன் என்று சொல்ல மாட்டேன். அழுவதற்கும் தசை வேண்டும். கண்ணீருக்கு மட்டும் வேண்டாம் போலிருக்கிறது. அதை நீங்கள் பார்த்தீர்கள். ஒரு விரல் அதைத் துடைத்தது.

"எல்லாரும் பேச்ச நிறுத்துங்க" என்றீர்கள். பிறகு என் காதருகே குனிந்தீர்கள்.

"சார், நான் மயக்க மருந்து டாக்டர் பேசறேன். நீங்க முழிச்சிருக்கீங்கன்னு நெனக்கறேன். உங்களுக்கு நான் பேசறது கேக்குதுன்னு வெச்சுக்கிட்டே பேசறேன். ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. உங்க தசை மட்டும் இன்னும் திரும்பல. ஏன்னு பாத்துகினு இருக்கேன். அது வர்ற வரைக்கும் மூச்சு என் பொறுப்பு. நான் கைய எடுக்க மாட்டேன்."

டாக்டர், எத்தனையோ மேடைகளில் எத்தனையோ வாக்குறுதிகளைக் கேட்டவன் நான். நிறைவேறிக்கொண்டிருக்கும்போதே ஒரு வாக்குறுதி சொல்லப்பட்டதை அன்றுதான் கேட்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் சொல்லாமல் எதையும் செய்யவில்லை. "இப்ப கையத் தொடறேன்." "இப்ப கண்ணுல வெளிச்சம் அடிக்கறேன்." "பயம் குறையறதுக்கு ஒரு சொட்டு மருந்து தர்றேன். முழுசாத் தூங்க வைக்கல, உங்க நெத்தி எனக்கு வேணும்." அந்தச் சொட்டினால்தானோ என்னவோ, நடுவில் சில பகுதிகள் என் நினைவில் கிழிந்திருக்கின்றன. அவற்றை வசந்தாவும் சாந்தம்மாவும் தைத்துக் கொடுத்தார்கள்.

நீங்கள் விசாரணையைத் தொடங்கினீர்கள். கையில் பை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

"வயித்தக் கழுவினீங்களே சார், எதுல கழுவினீங்க?"

"சலைன்ல. ஜென்டாமைசின் கலந்து. சீழ் அதிகமா இருந்துச்சில்ல, கொஞ்சம் தாராளமாவே ஊத்தினேன்."

"சாந்தம்மா, வார்டுல என்ன போட்டீங்க?"

"ஆபரேஷனுக்கு முன்னாடி ஜென்டாமைசின் போட்டேன் சார். எழுதியிருந்துச்சு."

நீங்கள் பையை அழுத்தியபடியே சொன்னீர்கள்: "வெளில அவரு வீட்டம்மா இருப்பாங்க. ஊருல ஏதாவது ஊசி போட்டாங்களான்னு கேட்டுகினு வாம்மா."

வசந்தா வெளியே நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தாளாம். உட்கார்ந்தால் கெட்ட சேதி வரும் என்பது அவள் கணக்கு. சாந்தம்மா கேட்டதும், "ஏம்மா, அதுல என்ன தப்பு? பேரிகைல தினம் ஜென்டா ஊசிதான் போட்டாங்க. நான்தான் மெடிக்கல்ல வாங்கியாந்து குடுத்தேன். இடுப்பெல்லாம் வீங்கிப்போச்சு. அவருக்கு என்னாச்சுன்னு மொதல்ல சொல்லு" என்றிருக்கிறாள். சாந்தம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "டாக்டர் கைல மூச்சு விட்டுகினு இருக்காரும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடிவந்துவிட்டாள். அதைக் கேட்டபிறகு வசந்தா உட்கார்ந்தாளாம்.

ஆக, பேரிகை கிளினிக் எனக்கு நல்லது செய்தது. வார்டு நல்லது செய்தது. அறுவை டாக்டர் தாராளமாக நல்லது செய்தார். மூவரும் அவரவர் இடத்தில் சரி. மூன்று நன்மைகளும் என் உடம்பில் சந்தித்துக்கொண்டன. ஒருவர் மீதும் குற்றம் சொல்ல முடியாதபடி ஒரு மனிதன் மூச்சு நின்று கிடப்பது எப்படி என்று அன்று தெரிந்துகொண்டேன். எங்கள் தொழிற்சாலையில் நடந்த விபத்துகளின் அறிக்கையும் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

"இதான் விஷயம் சார்" என்றீர்கள் என் காதில். யாரிடமும் அல்ல, என்னிடம்தான் முதலில். "உங்களுக்குப் போட்ட ஆன்டிபயாட்டிக், நரம்பு முனைல கால்சியத்த உள்ள விடாம அடைச்சுடுச்சு. கால்சியம் உள்ள போனாத்தான் நரம்பு தசைக்கிட்ட பேசும். நான் குடுத்த மருந்து தசைப் பக்கம் காத அடைச்சுது. இது நரம்புப் பக்கம் வாய அடைச்சுடுச்சு. ரெண்டும் சேந்துகிச்சு. இப்ப கால்சியம் தர்றேன். உடம்பு சூடாத் தெரியும். வாயில சுண்ணாம்பு மாதிரி இருக்கும். பயப்படாதீங்க."

கை ஒழியாததால் ஊசியை சாந்தம்மாவிடம் கொடுத்தீர்கள். "சட்டுனு தள்ளிட்டா ஆச்சு" என்றார் அறுவை டாக்டர். அவர் கெட்டவரல்லர், பயந்துபோயிருந்தார். பயந்தால் அவசரப்படுவது அவர் சுபாவம்.

"இதயமும் தசைதான் சார். கால்சியம் மொத்தமாப் போனா அது இறுக்கிப் பிடிச்சு நின்னுடும். தசைய எழுப்பப் போய் இதயத்தத் தூங்க வைக்கக் கூடாது." பிறகு சாந்தம்மாவிடம்: "அஞ்செட்டி பஸ் மலை ஏறும் பாத்திருக்கியா? அந்த மாதிரி தள்ளும்மா."

அஞ்செட்டி பஸ்ஸில் போனவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு வளைவிலும் நின்று யோசித்துவிட்டுத்தான் ஏறும். சாந்தம்மா அப்படியே தள்ளினாள். நீங்கள் ஒரு கையால் பையை அழுத்தியபடி மானிட்டரில் என் இதயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

முழங்கையில் ஒரு சூடு கிளம்பியது. தோளுக்கு வந்தது, மார்பில் பரவியது, தொடை வரை இறங்கியது. பிறகு நாக்கில், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் ருசி. நீங்கள் முன்கூட்டியே சொல்லியிராவிட்டால் எரியூட்டுகிறார்கள் என்றே நினைத்திருப்பேன். சித்தர்கள் சுண்ணத்தைப் பற்றிப் பெரிதாகப் பேசியதையெல்லாம் அதுவரை நான் மூடநம்பிக்கையில் சேர்த்து வைத்திருந்தேன். அந்த மேசையில் படுத்தபடியே அதை வெளியே எடுத்துவிட்டேன்.

"சார், நெத்தியச் சுருக்குங்க."

சுருக்கினேன். என்னைப் பொறுத்தவரை பெரிய மலையைப் புரட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை போலிருக்கிறது. நீங்கள் ஏமாற்றத்தைக் குரலில் காட்டவில்லை. காற்று வந்தது, போனது. மறுபடியும் கேட்டீர்கள். மறுபடியும் புரட்டினேன்.

"சார், பாத்தீங்களா, கோடு விழுந்துது!" சாந்தம்மா கத்தினாள்.

"வந்துட்டாருன்னா நிறுத்திடலாமே" என்றார் அறுவை டாக்டர், நிம்மதியோடு.

"கால்சியம் கதவத் தட்டும் சார். கதவு தொறந்தே கெடக்கும்னு அது சொல்லல. மறுபடி சாத்திக்கலாம். அந்த மருந்து உடம்ப விட்டு எறங்கற வரைக்கும் கை இங்கதான்."

நெற்றிக்குப் பிறகு விரல் வந்தது. விரலுக்குப் பிறகு ஒரு மூச்சு, பூனைக்குட்டியின் மூச்சைவிடச் சிறியது, ஆனால் என்னுடையது. நீங்கள் அதைத் தள்ளிவிட்டு உங்கள் மூச்சைத் திணிக்கவில்லை. என்னுடையதற்குப் பின்னால் உங்களுடையதைச் சேர்த்துவிட்டீர்கள். சைக்கிள் கற்றுக்கொள்பவனின் சீட்டைப் பிடித்தபடி கூடவே ஓடுவது போல. ஒரு கை வலித்தால் மறு கைக்கு மாற்றினீர்கள். அறுவை டாக்டர் "நான் கொஞ்ச நேரம் அழுத்தறேன்" என்று கேட்டு, வெட்கத்தோடு, உங்களுக்காகப் பாதி மதியம் அழுத்தினார். சாந்தம்மாவும் அழுத்தினாள். ஒவ்வொரு முறையும் அடுத்தது யார் கை என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பையைக் கொடுத்தீர்கள். வெளியே ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் போகத் தொடங்கியபோது, "சார், தலையத் தூக்கி அப்படியே நிறுத்துங்க" என்றீர்கள். தூக்கினேன். விழவிடாமல் நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் குழாயை எடுத்தீர்கள்.

எல்லாவற்றையும்விட அடுத்த நாள் காலைக்குத்தான் நான் அதிகம் நன்றி சொல்ல வேண்டும்.

தொண்டை கட்டிய குரலில் நான் அறுவை டாக்டரிடம், "நேற்று எனக்கு எல்லாம் கேட்டது" என்றேன். அவர் சிரித்தார். "மயக்கத்துல அப்படித்தான் சார் கனவு வரும்." வசந்தாவும் என் கையைத் தட்டி, "சரிங்க, சரிங்க, கொஞ்சம் கம்முனு படுங்க" என்றாள். குழந்தைக்குச் சொல்லும் சரி. அந்த 'சரி'யில் நான் மறுபடியும் இமை திறக்க முடியாதவனானேன். நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லிவிட்டால், அந்த இருட்டில் நான் ஆயுசு முழுவதும் தனியாகவே இருந்திருக்க வேண்டியதுதான்.

நீங்கள் உள்ளே வந்தீர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். "சார், நேத்து என்னென்ன கேட்டீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றீர்கள்.

சொன்னேன். ஹெர்னியா, குங்குமம், போர்டு, அண்ணா, அஞ்செட்டி பஸ். அறுவை டாக்டரின் முகம் மாறியது. சாந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் அவர்கள் எதிரிலேயே என் மனைவியைப் பார்த்துச் சொன்னீர்கள்: "கனவு இல்லம்மா. நெஜமாவே முழிச்சுகினு இருந்தாரு. தசை திரும்பிடும்னு நம்பி தூக்க மருந்த நிறுத்தினது நான். அது என் பொறுப்பு. ராத்திரில திடுக்குனு எழுந்தா, கெட்ட கனவுன்னு சொல்லாதீங்க. நடந்துதுன்னு சொல்லுங்க. முடிஞ்சுடுச்சுன்னும் சொல்லுங்க."

வசந்தா அப்படியே செய்தாள். சில மாதங்கள் நான் திடுக்கிட்டு எழுவதும், அவள் அரைத்தூக்கத்தில் "நடந்துச்சு, முடிஞ்சுடுச்சு, படுங்க" என்று சொல்வதும் எங்கள் வீட்டு வழக்கமாயிற்று. பிறகு எழுவதும் நின்றுவிட்டது. அந்த இரண்டு சொற்களுக்கு நிகரான மருந்தை நான் இன்னும் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

பிறகு நாம் நண்பர்களானோம். உங்களுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது என்பது வசதியாகப் போயிற்று. யாரும் யாருக்கும் புத்தி சொல்ல வேண்டியிருக்கவில்லை. இரண்டு அறுவைகளுக்கு நடுவில் சிப்காட் வாசலில் உள்ள டீக்கடைக்கு வருவீர்கள். நோன்பு மாதத்தில் எனக்கு மட்டும் டீ சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்து நான் குடிப்பதை மேற்பார்வையிடுவீர்கள்.

கால்சியம் என்றால் எலும்பு என்றே அதுவரை நினைத்திருந்தேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வசந்தா கேழ்வரகுக் களியை எனக்கு உருட்டி வைத்து, "கால்சியம், முழுங்குங்க" என்பாள். நீங்கள் ஷிப்ட் சங்கைக் காட்டி விளக்கினீர்கள். "சங்கு ஊதுதில்ல, அதான் நரம்புல வர்ற சேதி. ஊதினா மட்டும் ஆள் உள்ள போயிடுவானா? வாசல் கேட்ட ஒருத்தன் தொறக்கணும். அவன்தான் கால்சியம். சரி, உள்ள போயாச்சு, மிஷின் ஓடணும். தசைக்குள்ள ரெண்டு வகை இழை இருக்குது. ஒண்ண ஒண்ணு பிடிச்சு இழுத்தாத்தான் தசை சுருங்கும். அந்தப் பிடிய மூடி வெச்சிருக்கற மூடிய எடுக்கறதும் கால்சியம்தான். கேட்லயும் அவனே, மிஷின்கிட்டயும் அவனே."

"ரெண்டு இடத்துலயும் ஒரே ஆளா? எங்க கம்பெனில செலவு குறைக்கறதுக்கு இப்படித்தான் பண்றாங்க" என்றேன்.

"அதனாலதான் அவன் லீவு போட்டா உங்க கம்பெனியும் நின்னுடுது, நீங்களும் நின்னுடறீங்க" என்றீர்கள்.

அந்தப் பேச்சின் முடிவில் நீங்கள் ஒரு வேலை கொடுத்தீர்கள். நீங்கள் போய்வரும் நர்சிங் ஹோம்களின் வரவேற்பறைக்கு ஒரு வாசகம் வேண்டும். நான் எதுகை மோனையோடு எழுதிக் காட்டியவற்றையெல்லாம் தள்ளிவிட்டீர்கள். "அழகா இருக்கு சார். அழகப் பாத்துட்டுப் போயிடுவாங்க. சொல்ல மாட்டாங்க." கடைசியில் நின்றது இதுதான்: "ஊரில் போட்ட ஊசியையும் சொல்லுங்கள்." நான்கு மொழிகளில் மாட்டினோம். நான் எழுதியவற்றில் யாரும் கை நடுங்காமல் நின்று படித்து, அதன்படி நடந்ததும் அது ஒன்றுதான். அத்திப்பள்ளிப் பக்கம் வைத்தியரிடம் ஊசி போட்டுக்கொண்டதை ஓர் அம்மாள் அந்தப் பலகையைப் பார்த்துச் சொன்னதாக நீங்கள் போனில் சொன்ன நாளில், எனக்குப் பெரிய பரிசு கிடைத்தது போல வசந்தாவிடம் இனிப்பு கேட்டேன். களி கிடைத்தது.

உங்களிடமிருந்து தொற்றிய வழக்கம் ஒன்று என்னை இப்போது உறவுக்காரர்களிடையே விசித்திரமானவனாக ஆக்கியிருக்கிறது. கிருஷ்ணகிரியில் என் அண்ணன் தீவிர சிகிச்சையில் நினைவில்லாமல் கிடந்தபோது, உள்ளே போன ஒவ்வொருவரும் அவர் தலைமாட்டிலேயே நின்று, தேறுவாரா மாட்டாரா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, பேசுவது யார் என்று அவருக்குச் சொன்னேன். மத்தூர் நிலத்தில் மழை பெய்ததைச் சொன்னேன். நர்ஸ் ஊசி போடப் போகிறாள் என்று முன்னதாகச் சொன்னேன்.

"அவருக்குக் கேக்காது சித்தப்பா" என்றாள் அண்ணன் மகள்.

"கேக்காதுன்னு யாரு சொன்னா? அவரா?"

அண்ணன் பிழைத்தார். என் பேச்சைக் கேட்டதாகச் சொல்லவில்லை. கேட்கவில்லை என்றும் சொல்லவில்லை.

போன மாதம் உங்கள் மகன் கூப்பிட்டான். வைகறைத் தொழுகைக்கு எழுந்தீர்களாம், முகம் கழுவினீர்களாம், சாய்ந்துவிட்டீர்களாம். யாரும் அந்த ரப்பர் பையை எடுப்பதற்குள் முடிந்துவிட்டதாம். நானும் வசந்தாவும் கிருஷ்ணகிரியில் உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது உங்களை வெள்ளைத் துணியில் சுற்றிக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சாந்தம்மா ஆனேக்கலிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாள். இந்தச் சாலையில் உள்ள பாதி நர்சிங் ஹோம்களின் டாக்டர்கள் நின்றிருந்தார்கள். உங்களை அவசரப்படுத்தியவர்கள் எல்லாரும் அன்று அவசரமில்லாமல் இருந்தார்கள். எல்லாரும் உங்களைப் பற்றிப் பேசினார்கள். உங்களிடம் யாரும் பேசவில்லை.

நான் குனிந்தேன். "டாக்டர், போர்டு எழுதறவன் பேசறேன். பக்கத்துல உங்க மகன் இருக்கான். சாந்தம்மா வந்திருக்கா. இப்ப உங்களத் தூக்கப் போறாங்க. சந்தூக்குப் பெட்டியில வைப்பாங்க. பள்ளிவாசலுக்குப் போறோம். நான் கூடவே வர்றேன்." உங்கள் மகன் என்னைத் தடுக்கவில்லை. உங்கள் வீட்டில் வளர்ந்தவன்.

வெளியே வெயில். சந்தூக் தோளுக்குத் தோள் மாறிப் போயிற்று. உங்கள் வழக்கப்படி பிடிக்க விரும்பும் எல்லாருக்கும் இடம் உண்டு என்றார்கள். எனக்குக் கொஞ்ச தூரம் கிடைத்தது. கனம் தோளில் இறங்கியது. சேதி போயிற்று, கதவு திறந்தது, இழை இழையைப் பிடித்தது. அன்று எனக்குத் திரும்பாமல் நின்ற அதே தசைகள்தாம். நான் தலையைத் தூக்கி அப்படியே நிறுத்தி நடந்தேன்.

அடுத்தவர் வந்து, "குடுங்க சார், நான் பிடிக்கறேன்" என்றார். பின்னால் இன்னும் நிறையப் பேர் காத்திருந்தார்கள். கொடுத்துவிட்டேன். ஆனால் உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் கையை எடுத்தேன்.